மூன்று இடத்தில் இருக்க வேண்டிய படம்

ஹார்ட் டிஸ்க் ஒரு கேள்வி கேட்டது. மாப்பிள்ளை அதைப் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்தினார்.

எந்தக் கேள்வியையும் கடைசி வார்த்தை வரை படித்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும் என்று, தம் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவர் அவர். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவர். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ‘அழுத்துமுன் படி’ என்று அவரே எழுதி, அடியில் அவரே கையெழுத்தும் போட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. ஆனால் படிப்பதெல்லாம் கற்றுக்கொள்கிறவர்கள் பாடு. கற்றுக்கொடுக்கிறவர் எதற்காகப் படிக்க வேண்டும்?

லாட்ஜ் அறையின் கட்டிலில் அவரைச் சுற்றி வயர்கள் கிடந்தன. லேப்டாப் திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, அது என்ன பண்ணுது?" என்றாள் மனைவி, ஈரத் துண்டை ஜன்னல் கம்பியில் விரித்தபடி.

"சுத்தம் பண்ணுது."

"எதை?"

அந்தக் கேள்விக்கான பதில் மாப்பிள்ளைக்கே அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பச்சைக் கோடு மறுகரையைத் தொட்டுவிட்டது. டிஸ்க் காலி. பெருக்கித் துடைத்து வாடகைக்கு விடத் தயாரான வீடு மாதிரி இருந்தது.

போனது ஒரு படம்தான் என்று சொல்ல வேண்டும். மற்றவை மரம், மலை, மேகம். அவை எங்கும் போய்விடாது, மறுபடியும் போய் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு படம் அப்படிப்பட்டது அல்ல.

மனைவியின் அண்ணன், அதாவது பெரிய மச்சான், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பிரேக் மிதிக்கக் கற்றவர்கள். அவள் தம்பி, சின்ன மச்சான், பல் டாக்டர். மிச்சப் பாதிப் பேர் அவர்முன் வாயைத் திறந்தவர்கள். இதில் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது எதிர்த் தெருவிலிருந்த வேறொரு டிரைவிங் ஸ்கூலில். அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டது பஸ் ஏறிப் போய் வேறொரு டாக்டரிடம். இரண்டில் எது முதலில் நடந்தது என்பதுதான் வழக்கு. பல்தான் முதலில் என்பது தம்பி கட்சி. காருக்குப் பிறகுதான் பல்லே வலித்தது என்பது அண்ணன் கட்சி. பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. இருவருக்கும் நடுவில் பிறந்த பாவத்துக்கு மாப்பிள்ளையின் மனைவி தபால்காரர் வேலை பார்த்து வந்தாள். "அவர்கிட்டச் சொல்லு." "அவன்கிட்டச் சொல்லு." இருவரும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருக்கும்போதும் இப்படித்தான்.

இவர்களைப் பெற்றவள், மாப்பிள்ளையின் மாமியார், ஒருநாள் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். முழங்கால் வலியோட நான் எங்கயும் வரவும் முடியாது. நீங்க மூணு பேரும் ஒண்ணா ஒரு பயணம் போயிட்டு வாங்க. அதுங்க ரெண்டும் சேர்ந்து நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ எனக்குக் கொண்டு வாங்க. மாட்டி வச்சுப் பாத்துக்கறேன்."

மச்சான்களின் மனைவிகள் இருவரும் நாசூக்காகக் கழன்றுகொண்டார்கள். சண்டையைக் கேட்க மலை ஏற வேண்டுமா, வீட்டிலேயே தினமும் கேட்கிறோமே என்பது அவர்கள் வாதம். ஆக, வேனில் அண்ணன், தம்பி, நடுவில் சகோதரி, படம் எடுக்கும் முழுப் பொறுப்பையும் யாரும் கொடுக்காமலே ஏற்றுக்கொண்ட மாப்பிள்ளை, பிறகு டிரைவர்.

முதல் நாள் காலையிலேயே அதிசயம் நடந்துவிட்டது. ஏரிக்கரைப் படியில் பாசி. பெரிய மச்சான் வழுக்கினார். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் சின்ன மச்சான் பிடித்தார். பிடித்த கை தோளில் விழுந்தது. விழாமல் தப்பிய சிரிப்பு ஒருவருக்கு, பிடித்துவிட்ட சிரிப்பு இன்னொருவருக்கு. மாப்பிள்ளை அழுத்தினார். படம் விழுந்தது. அடுத்த கணம் தோளில் இருந்த கை, சூடு பட்டது போல் விலகிக்கொண்டது.

அங்கிருந்தே மாமியாருக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார். "அத்தை, எடுத்துட்டேன். தோள்ல கை. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க." மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு கொள்கை இருந்தது. ஓர் இடத்தில் இருக்கிற படம், இல்லாத படம். இரண்டு இடத்தில் இருப்பது சந்தேகத்துக்குரிய படம். மூன்று இடத்தில் இருந்தால்தான் அது படம். முதல் இடம் அவர் போன். இரண்டாவது, ஹார்ட் டிஸ்க். மூன்றாவது வெளியூரில் இருக்க வேண்டும் என்பதால், மாமியாருக்குச் சிலேட்டு மாதிரி ஒரு டேப் வாங்கிக் கொடுத்து, தம் போனில் எடுக்கிற படமெல்லாம் தானாகவே நெட் வழியாக அதில் போய் விழும்படி அமைத்திருந்தார். புறப்படுவதற்கு முன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவளுக்கு விளக்கினார். பட்டன்களுக்குப் பக்கத்தில் கலர் ஸ்டிக்கர் கூட ஒட்டினார். எல்லாம் கேட்டுவிட்டு அவள், "இதை எந்தப் பக்கமாப் பிடிக்கணும் மாப்பிள்ளை?" என்றாள்.

மத்தியானம் அருவிக்கு முன்னால் நிற்கும்போது போன், இடம் இல்லை என்று கையை விரித்தது. மாப்பிள்ளை வேனிலேயே லேப்டாப்பைத் திறந்து, படங்களை டிஸ்கில் போட்டு, போனில் இருந்தவற்றை அழித்தார். அழித்தவை போய்ச் சேருகிற குப்பைக்கூடையையும் காலி செய்தார். சுத்தம் என்றால் அரைகுறையாக இருக்கக் கூடாது. வளைவில் வேன் குலுங்கியதில் டிஸ்கின் வயர் கழன்று விழுந்தது. அறைக்கு வந்து மறுபடி மாட்டினார். அப்போதுதான் அது, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துச் சுத்தம் செய்யட்டுமா என்று, அந்தக் கேள்வியைக் கேட்டது.

இரண்டு இடம் போயிற்று. பரவாயில்லை, மூன்றாவது இருக்கிறது. இதற்காகத்தானே மூன்றாவது. மாப்பிள்ளை மிடுக்குக் குறையாமல் மாமியாருக்குப் போன் செய்தார்.

"அத்தை, காலையில எடுத்த படம் உங்க டேப்ல வந்திருக்குமே."

"எந்தப் படம் மாப்பிள்ளை?"

"ஏரியில எடுத்தது. தோள்ல கை போட்டது."

"அதுவா. வரலையே."

"நல்லாப் பாருங்க. நீல ஸ்டிக்கர் பக்கத்துல."

"பாத்துட்டேன். கறுப்பா இருக்கு. என் மூஞ்சிதான் தெரியுது."

"அது அணைஞ்சு கிடக்கு அத்தை. பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கு, அழுத்துங்க."

மறுமுனையில் விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

"அழுத்தினேன். இப்பவும் என் மூஞ்சிதான் தெரியுது. கொஞ்சம் வெளிச்சமா."

மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். வட்டமாக ஏதாவது சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றுகிறது என்றாள். என்ன சொல்கிறது என்று கேட்டார். ஒன்றும் பேசவில்லை, சும்மாதான் சுற்றுகிறது என்றாள்.

"யார் தோள்ல யார் கை மாப்பிள்ளை? வாயாலயாவது சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மாப்பிள்ளை சொன்னார். எந்தக் கை, எந்தத் தோள், பின்னால் தண்ணீர் எப்படி மின்னியது, எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல, படம் நேரில் இருந்ததைவிட நன்றாக ஆகிக்கொண்டே போனது.

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு? எனக்குத்தான் கொடுத்து வைக்கலை."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. அனுப்பிடறேன்."

"அனுப்புங்க. அவசரமில்லை. நீங்க திரும்பறதுக்குள்ள வந்தாப் போதும்."

போனை வைத்ததும் மனைவி கேட்டாள். "எங்கேருந்து அனுப்பப் போறீங்க?"

"மறுபடியும் எடுத்தாப் போச்சு. ரெண்டு பேரை நிக்க வச்சு ஒரு படம். இதென்ன பிரமாதம்?"

"யாரை நிக்க வைக்கப் போறீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

மறுநாள் பூந்தோட்டத்தில் அந்தப் பிரமாதம் ஆரம்பமானது.

"மச்சான், ரெண்டு பேரும் இப்படி வந்து நில்லுங்க. ஒரு படம்."

"நேத்துதான் எடுத்தீங்களே மாப்பிள்ளை" என்றார் பெரிய மச்சான்.

"நேத்து வெளிச்சம் சரியில்லை."

"என் பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு."

சின்ன மச்சான் சகோதரி பக்கம் திரும்பினார். "அக்கா, அப்ப என் பக்கம் இருட்டுன்னு சொல்றாரா? கேளு."

"இருட்டுன்னு யார் சொன்னா? வெளிச்சத்தைப் பாத்து நிக்கத் தெரியணும்னு சொல்லு."

"வெளிச்சத்துலயே வேலை பாக்கறவன் நான்னு சொல்லு. வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பாக்கறவன்."

கடைசியில் நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. முகங்கள், காணாமல் போனவர் அறிவிப்புக்குக் கொடுத்தவை மாதிரி இருந்தன.

"கொஞ்சம் நெருங்கி" என்றார் மாப்பிள்ளை.

"முன்னால போற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடணும் மாப்பிள்ளை. அதுதான் பாதுகாப்பு. நீங்களே அந்தத் துறைதானே."

மாப்பிள்ளை அழுத்தினார். அந்தப் படத்தைப் பார்த்த மனைவி, "இதை அம்மாகிட்ட காட்டினா, எவன் செத்துட்டான்னு கேப்பாங்க" என்றாள்.

மாப்பிள்ளை யோசித்தார். யோசித்து அவர் எடுத்த முடிவுகள் அலுவலகத்தில் பிரசித்தம். அன்று மத்தியானம் பெரிய மச்சானைத் தனியே அழைத்துப் போனார்.

"மச்சான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சின்ன மச்சானுக்கு உங்க தோள்ல கை போட்டு ஒரு படம் எடுத்துக்கணும்னு ஆசை. கேக்கக் கூச்சப்படறார்."

பெரிய மச்சானின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு கியர் மாறியது. "ஆசை இருந்தா அவனே கேக்கட்டும். வாய்ல பஞ்சா வச்சிருக்கான்?"

அடுத்து சின்ன மச்சான்.

"அண்ணனுக்கு உங்க மேல உள்ளுக்குள்ள பாசம் தம்பி. உங்களோட ஒரு படம் வேணுமாம். வெளியில சொல்ல வரலை."

"அவர் ஹாரன் அடிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும் மாமா. எனக்கு மட்டும் வெளியில வரலையா? வரட்டும். வந்து கேக்கட்டும்."

விளைவு, மாலையில் டீக்கடை பெஞ்சில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மற்றவர் வந்து கேட்பார் என்று காத்திருந்தார்கள். டீ ஆறியது. மாப்பிள்ளை போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டு வீடியோக்காரர் மாதிரி பக்கவாட்டில் நின்றார். ஒருவரும் கேட்கவில்லை. காத்திருந்து காத்திருந்து இருவருக்கும் கோபம் ஏறியது.

"சொல்லு அவன்கிட்ட" என்றார் பெரிய மச்சான் சகோதரியிடம். "ஆசை இருந்தா வாயைத் திறந்து கேக்கணும்."

"யாருக்கு ஆசை? ஆசைன்னு சொல்லி அனுப்பினது அவர்."

"நான் சொல்லி அனுப்பினேனா?"

பிறகு பெரிய மச்சான், சகோதரியைப் பார்க்காமல், நேரே தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"உன்கிட்ட வந்து அப்படிச் சொன்னாரா?"

"சொன்னார்."

"என்னன்னு?"

"உள்ளுக்குள்ள பாசம்னு."

"என்கிட்டக் கூச்சம்னு சொன்னார்."

மனைவியின் டீ டம்ளர் உதட்டுக்கும் மேஜைக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. வருஷக்கணக்கில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் இடையில் தபால்காரர் இல்லாமல் பேசிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் இதைக் கவனிக்கவில்லை. தம் பக்கம் திரும்பிய இரண்டு தலைகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதில் மும்முரமாக இருந்தார்.

"மாப்பிள்ளை, அந்த நேத்துப் படத்தைக் காட்டுங்க" என்றார் பெரிய மச்சான்.

"அது பாதுகாப்பா இருக்கு மச்சான்."

"எங்க?"

"மூணு இடத்துல."

"மூணு வேண்டாம் மாமா" என்றார் சின்ன மச்சான். "ஒரு இடத்துல காட்டுங்க போதும்."

நெட் சரியில்லை, சார்ஜ் இல்லை, நாளைக்குக் காட்டுகிறேன் என்று மூன்று காரணங்களை ஒரே மூச்சில் சொன்னார். காரணங்களிலும் மூன்று பிரதி வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

மறுநாள் எல்லோரும் படகுத் துறைக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை டிரைவர் காதில் ஏதோ சொல்ல, வேன் கடைவீதிக்குள் நுழைந்தது. டிரைவர் பொறுமைசாலி. பெரிய மச்சான் பின்னாலிருந்து "செகண்ட்" என்று சொல்வதற்கு ஒரு நொடி முன்பே கியரை மாற்றிவிடுவார். சொன்ன பிறகு மாற்றினால், இவர் கற்றுக்கொடுத்ததாகக் கணக்காகிவிடும்.

"ஒரு சின்ன வேலை. இதோ வந்துடறேன்" என்று இறங்கிய மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் போய் டிஸ்கை நீட்டினார். கடையில் இருந்த பெண் அதை வயரில் மாட்டிவிட்டுக் கேட்டாள்.

"அழிஞ்சுடுச்சா, அழிச்சுட்டீங்களா?"

"தானா அழிஞ்சுடுச்சு."

"சரி, அப்படியே எழுதிக்கறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இன்னைக்குப் பூரா ஆகும். வரதுதான் வரும். எது வரும்னு என்னால சொல்ல முடியாது."

காத்திருந்தார். வெளியே பெஞ்சில் மச்சான்கள் இருவரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. படகுத் துறையில் அன்றைய படகுகள் எல்லாம் போய் வந்தன. பெஞ்சில் நிழல் ஒரு முனையில் மட்டும் இருந்ததால், இருவரும் ஒரே முனைக்கு நகர வேண்டி வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் அந்தப் பெண் உற்சாகமாகக் கூப்பிட்டாள். "சார், ஒண்ணு வந்திருக்கு. துளி சேதாரம் இல்லாம முழுசா."

சொல்லிக்கொண்டே திரையைத் தெருப் பக்கம் திருப்பினாள். பெஞ்சிலிருந்து இருவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏரி இல்லை. படி இல்லை. நீல எழுத்தில், ‘தகவல் பாதுகாப்பு: புதிய ஊழியர்களுக்கான அறிமுக உரை’ என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் இன்னும் பெரிதாக, ‘அழுத்துமுன் படி’. கீழே மாப்பிள்ளையின் படம், கோட் போட்டுக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கியபடி.

"இது மட்டும் மூணு காப்பி கிடைச்சிருக்கு சார்" என்றாள் அந்தப் பெண்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். போன், குப்பைக்கூடை, பச்சைக் கோடு, மாமியாரின் டேப்பில் சுற்றுகிற வட்டம் வரை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதாவது" என்றார் பெரிய மச்சான் மெதுவாக, "ஓடற வண்டியில ரிவர்ஸ் கியரைப் போட்டிருக்கார் மாப்பிள்ளை."

"நல்ல பல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு" என்றார் சின்ன மச்சான், "சொத்தைப் பல்லுக்கு மூணு செட் வச்சிருக்கார்."

பெரிய மச்சான் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "அது நல்லா இருக்கு" என்றார், கொஞ்சம் மனசில்லாமல்.

"உங்களுதும் மோசமில்லை."

பிறகு அடக்க முடியவில்லை. முதலில் ஒருவர் தோள் குலுங்கியது, அப்புறம் இன்னொருவர் தோள். கடைக்காரப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டாள்.

திரும்பும் வழியில், மாமியாரே போன் செய்தாள். வேனில் எல்லோருக்கும் கேட்டது.

"மாப்பிள்ளை, வட்டம் இன்னும் சுத்திட்டே இருக்கு. படத்தைக் காணோம்."

"அத்தை, அது வந்து..."

"நீங்க வருத்தப்படாதீங்க. என்ன, கூடத்துச் சுவத்துல ஆணி கூட அடிச்சு வச்சுட்டேன். அந்த ஆணியைப் பாக்கும்போதுதான் மனசு கேக்கலை."

"அம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார் பெரிய மச்சான். "நாங்க பாத்துக்கறோம்மா" என்றார் சின்ன மச்சான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால், இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். வேன் வீட்டுப் பக்கம் போகாமல் மறுபடி ஏரிக்குப் போனது. இம்முறை பொறுப்பு மாப்பிள்ளையிடம் இல்லை. பெரிய மச்சான் படியின் உச்சியில் நின்று, எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறவர் மாதிரி எல்லோருக்கும் இடம் ஒதுக்கினார்.

"நான் இங்கேருந்து இறங்கறேன். இந்தப் படியில வலது கால் வழுக்குது. நீ வந்து பிடிக்கிற."

"இடது கால்" என்றார் சின்ன மச்சான்.

"என் கால் எனக்குத் தெரியாதா?"

"பிடிச்சவன் நான். வெயிட்டு எந்தப் பக்கம் வந்துச்சுன்னு என் கைக்குத் தெரியும்."

இடது கால் என்று முடிவாயிற்று. பெரிய மச்சான் வழுக்கினார். அது வழுக்கலாகவே இல்லை.

"அண்ணே, கிளட்ச் விடற மாதிரி மெதுவா வழுக்கறீங்க. சட்டுன்னு வழுக்குங்க."

அண்ணே என்ற வார்த்தை அந்த ஏரிக்கரையில் பதற்றமில்லாமல் வந்து உட்கார்ந்தது. பெரிய மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி மேலேறினார். அடுத்த தடவை சட்டென்று வழுக்கினார். ஆனால் சின்ன மச்சான் அவரைப் பிடிக்கும் பதற்றத்தில் வாயைத் திறந்துவிட்டார். அதற்கடுத்த தடவை பெரிய மச்சான், விழுவதற்கு முன்பே சிரித்துவிட்டார். படியிறங்கி வந்த வேறொரு குடும்பம் நின்று வேடிக்கை பார்த்தது. அதில் ஓர் அம்மாள், "பாவம், பெரியவருக்கு என்ன கோளாறோ, விழுந்துட்டே இருக்கார்" என்றாள்.

"இயல்பா, இயல்பா" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை, இருவரின் கால்களும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஒரு படி இறங்கினார். இன்னொரு படி இறங்கினார். அதற்கடுத்து இருந்தது படி அல்ல.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் அவர் அதில் உட்கார்ந்த நிலையில் இறங்கியதால் கழுத்து வரை வந்தது. ஒரு கை மட்டும் மேலே நின்றது. அதில் போன்.

"போனை வாங்குங்க" என்றார் தண்ணீருக்குள்ளிருந்து. "முதல்ல போனை வாங்குங்க. என்னை அப்புறம் பாத்துக்கலாம்."

"அண்ணே, எதை முதல்ல தூக்கறது?" என்றார் சின்ன மச்சான். "மாமாவுக்கு வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

படி மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்கிட்ட அவர் ஒரே காப்பிதான் இருக்கார். பேசிட்டே நிக்காம தூக்குங்கடா ரெண்டு பேரும்."

இருவரும் ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிவிட்டு, அவரைப் பார்த்தார்கள். தலையில் ஒரு கொடி சுற்றிக்கொண்டிருந்தது. கை இன்னும் கீழே இறங்கவில்லை, போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தது. அறிமுக உரையில் விரலைத் தூக்கியிருந்த அதே தோரணை. பெரிய மச்சான் நிற்க முடியாமல் தம்பியின் தோளில் கையைப் போட்டார். சின்ன மச்சானும் நிற்க முடியாமல் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்கள்.

டிரைவர் இத்தனை நாளில் தானாக ஒரு காரியம் செய்தார் என்றால் அது இதுதான். தம் போனை எடுத்து ஒரு படம் எடுத்தார்.

படத்தை ஆளுக்கொரு தடவை வாங்கிப் பார்த்தார்கள். முதல் நாள் படம் எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகமும் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும், ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "உடனே மூணு இடத்துக்கு அனுப்புங்க" என்றார். டிரைவர் அதை மாப்பிள்ளையின் மனைவிக்கு அனுப்பிவிட்டு, போதும் சார் என்றார்.

வழியில் ஓரிடத்தில் வேன் நின்றபோது, பெரிய மச்சான் வாயைத் திறந்து காட்ட, சின்ன மச்சான் போன் வெளிச்சத்தில் அவர் பல்லைப் பார்த்தார். "யார் இதைப் பிடுங்கினது? பாதி வேரை உள்ளயே விட்டிருக்கான்" என்றார். பெரிய மச்சானின் முகத்தில் இப்படி ஒரு திருப்தியை யாரும் பார்த்ததில்லை.

வீடு வந்தது. மாமியார் வாசலிலேயே நின்றாள். மகளின் போனை வாங்கி, ஒரு கை தூரத்துக்கு எட்டப் பிடித்துப் படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு மகன்களையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டாள். அவர்கள் அவள் தலைக்கு மேலேயே, கை முதலில் போட்டது யார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சோபாவின் முனைகள் காலியாக இருந்தன.

"நடுவுல நனைஞ்சு நிக்கிறது மாப்பிள்ளையா?" என்றாள்.

"அது கால் தடுக்கி..." என்றார் மாப்பிள்ளை. "அதை விடுங்க அத்தை. அந்த டேப்பைக் கொடுங்க. என்ன கோளாறுன்னு பாத்துடறேன். நான் அமைச்சது தப்பாகவே முடியாது."

"அது எங்கயோ உள்ள கிடக்கும். முதல்ல டீயைக் குடிங்க. எனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி? உங்களுக்கு ஆயிரம் வேலை, அதுக்குப் போயி."

"இல்லை அத்தை. உங்களுக்கு இன்னொரு தடவை பொறுமையாச் சொல்லித் தரேன். முதல்ல இருந்து."

"சொல்லுங்க மாப்பிள்ளை, சொல்லுங்க. நாளைக்குச் சொல்லுங்க."

அப்போது அழைப்பு மணி அடித்தது. மாப்பிள்ளையே போய்க் கதவைத் திறந்தார். தெருமுனை ஃப்ரேம் கடைக்காரர், பழைய செய்தித்தாள் சுற்றிய பெரிய சட்டம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, கூடத்துச் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, செய்தித்தாளைப் பிரித்தார். பாசிப் படி. பின்னால் மின்னுகிற தண்ணீர். தோளில் கை. இரண்டு சிரிப்பு.

"அம்மா, முதல் நாள் மத்தியானமே முழங்கால் வலியோட அந்த டேப்பைத் தூக்கிட்டு வந்து கொடுத்தீங்களே, அந்தப் படம்" என்றார் அவர். "அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி, படம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சா பசங்க மறுபடி சேர்ந்து நிக்க மாட்டானுங்க, அதனால திரும்பி வர்ற வரைக்கும் கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னீங்க, இப்ப மாட்டலாமா?"